‘வந்தான்’, ‘வந்தானாம்’: ஹதீஸ் அறிவிப்பாளர்களை எப்படி எடை போட்டார்கள்?

போன நோன்பில் ஒருநாள் தராவீஹ் தொழுகை முடிந்து கீழக்கரையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பயானில் (மார்க்க உரையில்) கேட்ட ‘சீன தேசம் சென்றாவது கல்வியைத் தேடுங்கள்’ என்ற ஹதீஸைப் பற்றி, அதாவது நபிகள் நாயகம் சொன்னதாக வரும் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடச் சுவரிலும் ஆண்டுவிழா மேடையிலும் பார்த்துப் பழகிய வாசகம்தான். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது பலவீனமான ஹதீஸ் மாமா” என்றான். எதிரே இருந்த பெரியவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “அப்ப நாயகம் சொன்னதைப் பொய்ங்கிறியா?” பையனும் விடவில்லை. “அவங்க சொல்லவே இல்லைங்கிறேன். பலவீனம்னா பொய்தானே?” டீ ஆறிப்போகும் வரை இது ஓடியது.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. சண்டை போட்ட இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: பலவீனம் என்றால் பொய். அந்த ஒரு விஷயத்தில்தான் இருவரும் தவறு. ஒரு ஹதீஸைப் பலவீனமானது என்று யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்துச் செய்கிறார்கள் என்பது பயானில் அதிகம் வராது, செல்போனிலும் ஒரே வார்த்தையாகத்தான் வரும். அதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம். இங்கே சொல்வது சன்னி அறிஞர்களின் முறை. ஷீஆக்களுக்குத் தனி நூல்களும் தனி அளவுகோல்களும் உண்டு.

ஒரு வள்ளம், நான்கு பேர்

முதலில் ஹதீஸை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போவோம். விடிகாலையில் வள்ளம் கரையேறுகிறது, நான்கு பேர் இறங்குகிறார்கள். மீன் ஏலத்துக்குப் போவதற்குள் எவ்வளவு பட்டிருக்கிறது என்று வியாபாரிக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் ஆள் “நாப்பது கிலோ இருக்கும்” என்கிறார். இரண்டாமவர் “நாப்பது, நாப்பத்தஞ்சு” என்கிறார். மூன்றாமவர் வலையைத் தோளில் போட்டபடியே “எம்பதுக்குக் குறையாது” என்கிறார். நான்காமவர் வாயே திறப்பதில்லை. தராசில் 42 நிற்கிறது.

ஒருநாள் இப்படி நடந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பத்து வருடம் நடந்தால்? எந்த நோட்டிலும் எழுதாமலேயே வியாபாரியின் மனதில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கணக்கு விழுந்திருக்கும். மூன்றாமவர் சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதற்காக அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. ஐந்து வேளையும் தொழுகிறவர், வாங்கிய கைமாற்றை மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து நீட்டுகிறவர். கடைச் சாவியைக்கூட வியாபாரி அவரிடம் நம்பிக் கொடுப்பார். மீனின் எடையை மட்டும் கேட்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘ஆம்’ என்று ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. “படகு வந்தது” என்றால் சொல்கிறவர் பார்த்திருக்கிறார். “வந்ததாம்” என்றால் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். ஒரே எழுத்தில் பொறுப்பை அடுத்தவர் தலையில் இறக்கிவைக்கிற வசதி. புயல் சமயத்தில் வாட்ஸாப்பில் வரும் குரல் பதிவுகளைக் கவனித்தால் தெரியும். மாலையில் “கடல் உள்ளே வருதாம்” என்று கிளம்பியது, இரவு எட்டு மணிக்கு “கடல் உள்ளே வந்துருச்சு” என்று வந்து நிற்கும். வாய் மாறும்போது முதலில் உதிர்வது இந்த ‘ஆம்’தான்.

இப்போதைக்கு இரண்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் நல்லவரா என்பது வேறு, அவர் சொல்வது துல்லியமா என்பது வேறு. அப்புறம், அவர் தானே பார்த்தாரா, கேட்டதைச் சொல்கிறாரா என்று தெரிய வேண்டும். ஹதீஸ் அறிஞர்களின் வேலை முழுக்க இந்த இரண்டிலிருந்து வளர்ந்ததுதான்.

தாய்ப்பத்திரம் போல ஒரு சங்கிலி

நபிகள் நாயகம் (ஸல்) சொன்னது, செய்தது, தம் முன்னால் நடந்தபோது மறுக்காமல் விட்டது ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்புதான் ஹதீஸ். ஒவ்வொரு ஹதீஸிலும் இரண்டு பகுதி இருக்கும். சொல்லப்படும் செய்தி ‘மத்ன்’. அந்தச் செய்தி யார் யார் வழியாக வந்தது என்ற பெயர் வரிசை ‘சனது’.

புகாரி என்ற அறிஞர் தொகுத்த ஹதீஸ் நூலின் முதல் ஹதீஸ் நம்மில் பலருக்கும் மனப்பாடம்: ‘செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன.’ அது நூலில் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். புகாரிக்குச் சொன்னவர் அல்ஹுமைதீ. அவருக்குச் சொன்னவர் சுஃப்யான். அவருக்கு யஹ்யா இப்னு சயீத், அவருக்கு முஹம்மது இப்னு இப்ராஹீம், அவருக்கு அல்கமா. அல்கமா, நாயகத்தின் தோழர் உமர் (ரலி) மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) நின்று சொல்லக் கேட்டிருக்கிறார். நாயகம் மறைந்தது 632இல், புகாரி இறந்தது 870இல். கிட்டத்தட்ட 240 வருடத்தை ஆறே பேர் தாண்டி வந்திருக்கிறார்கள்.

வீட்டு மனை வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? விற்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்க மாட்டார். தாய்ப்பத்திரம் கேட்பார். யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், நடுவில் ஒரு கை விட்டுப் போயிருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா, வில்லங்கம் ஏதும் உண்டா என்று தேடுவார். மனையின் மண் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் பத்திரம் சரியில்லை என்றால் கை வைக்க மாட்டார். சனதைப் பார்ப்பதும் அப்படித்தான்.

நம் பக்கத்து மதரஸாக்களில் படிப்பு முடிக்கும் ஆலிமுக்குக் கொடுக்கும் பட்டத்துக்கும் ‘சனது’ என்றுதான் பெயர். சொல் ஒன்றுதான். பிடித்துக்கொள்ளும் ஆதாரம் என்பது அதன் பொருள். விழா அழைப்பிதழில் ‘சனது வழங்கும் விழா’ என்று பார்த்தவர்கள், அது ஒரு காகிதத்தின் பெயர் என்று நினைத்திருப்போம்.

இந்த வழக்கம் முதல் நாளிலிருந்தே இருந்ததில்லை. ஈராக்கின் பஸராவில் வாழ்ந்து 729இல் இறந்த அறிஞர் இப்னு சீரீன் சொன்னதை, புகாரியைப் போலவே ஹதீஸ் நூல் தொகுத்த முஸ்லிம் (இது அவர் பெயர்) தம் நூலின் முன்னுரையில் எடுத்து வைத்திருக்கிறார்: முன்பு யாரும் சனதைக் கேட்டதில்லை, குழப்பம் வந்த பிறகுதான் ‘உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். குழப்பம் என்று அவர் சொன்னது சமூகம் அரசியலில் பிளந்துபோன காலத்தை. கட்சி பிரிந்தால் ஆளுக்கொரு கதை கிளம்பும். அப்போதுதான் ‘உனக்கு யார் சொன்னது?’ என்ற கேள்வி அவசியமாகிறது.

நாயகத்தை நேரில் கண்ட தோழர்களின் நேர்மையை சன்னி அறிஞர்கள் ஆய்வுக்கு எடுப்பதில்லை, அது ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று. அவர்களுக்கு அடுத்த ஆளிலிருந்து தொடங்குகிறது சோதனை.

நல்ல மனுஷர்தான், ஆனால்...

அறிவிப்பாளர் ஒருவரிடம் இரண்டைப் பார்த்தார்கள். ஒன்று, பொய் சொல்லாதவர், வெளிப்படையாகப் பெரும் பாவம் செய்யாதவர் என்ற நன்னடத்தை. இதை ‘அதாலத்’ என்பார்கள். மற்றொன்று, கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லும் துல்லியம். இது ‘ளப்து’. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அவர் ‘ஸிகா’, அதாவது முழு நம்பகமானவர்.

பொதுவாக நாம் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். தாடி, தொழுகை, கண்ணீர் எல்லாம் பார்த்ததும் ‘அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்கிறோம். மதீனாவின் இமாம் மாலிக் அப்படி நினைக்கவில்லை. நபிப் பள்ளியின் தூண்களைக் காட்டி, இவற்றின் அருகே உட்கார்ந்து ஹதீஸ் சொல்லும் எழுபது பேரைக் கண்டிருக்கிறேன், கஜானாவையே ஒப்படைத்தாலும் அமானிதம் தவறாதவர்கள், ஆனால் அவர்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, இந்த வேலை அவர்களுடையது அல்ல என்ற பொருளில் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. யஹ்யா அல்கத்தான் என்ற ஹதீஸ் அறிஞர் இன்னும் ஒரு படி போனார்: ஸாலிஹான (இறைபக்தியுள்ள) மனிதர்கள் ஹதீஸில் பொய்யாகிப் போவதுபோல வேறு எதிலும் கண்டதில்லை. இதற்கு முஸ்லிமே விளக்கம் எழுதுகிறார். அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, அவர்கள் நாவில் அது தானாக ஓடிவிடுகிறது. வணக்கத்தில் மூழ்கியவருக்குச் செய்தியைச் சரிபார்க்கும் பழக்கம் இருப்பதில்லை, யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்.

துல்லியம் ஆயுள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பதையும் கவனித்தார்கள். எகிப்தின் காஜியாக (நீதிபதியாக) இருந்த இப்னு லஹீஆவின் நூல்கள் தீயில் எரிந்துபோனதாகச் சொல்வார்கள். அதன் பிறகு அவர் நினைவிலிருந்து சொன்னதில் கலப்பு வந்துவிட்டது. அறிஞர்கள் என்ன செய்தார்கள்? அவரை ஒரேயடியாகத் தள்ளவில்லை. அவருடைய மாணவர்களைப் பிரித்தார்கள். இப்னுல் முபாரக், இப்னு வஹ்பு போல ஆரம்ப காலத்தில் கேட்டவர்கள் சொல்வதற்கு மதிப்பு அதிகம், பின்னால் வந்து கேட்டவர்கள் சொல்வது பலவீனம். ஈராக்கின் கூஃபா நகரத்து அதா இப்னுஸ் ஸாயிபுக்கு முதுமையில் நினைவு குழம்பியபோதும் இதே கணக்குதான். முன்பே கேட்ட ஷுஃபா என்ற மாணவர் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்.

ஆக, ஒரே மனிதர், ஒரு மாணவர் வழியாக வந்தால் ஒரு எடை, இன்னொரு மாணவர் வழியாக வந்தால் வேறு எடை. இதை ‘நல்லவரா கெட்டவரா’ என்ற ஒரே கேள்வியில் அடக்க முடியாது.

தனுஷ்கோடிக்கு ரயில் ஏது?

என் உறவில் ஒரு மாமா இருந்தார். 1972இல் தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போனதாக விருந்துக்கு விருந்து சொல்வார். பெட்டியில் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது வரை வரும். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். ஒருநாள் வாப்பா மெதுவாகக் கேட்டார்: “1964 டிசம்பர்லயே தனுஷ்கோடி கடலோட போச்சே மச்சான், நீங்க எந்த ரயில்ல போனீங்க?” புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான் போனது. மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப ராமேஸ்வரமாத்தான் இருக்கும்” என்றார். பொய் சொல்லவில்லை பாவம், சின்ன வயதில் தன் தகப்பனார் சொன்ன கதையைத் தன் பயணத்தோடு ஒட்டிக்கொண்டார்.

வாப்பா செய்ததை எட்டாம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். பொய்யர்கள் வந்தபோது நாங்கள் தேதிகளைக் கையில் எடுத்தோம் என்று சுஃப்யான் அஸ்ஸவ்ரீ சொன்னதாக வரும். சிரியாவில் ஹிம்ஸ் நகரத்துக்கு வந்த உமர் இப்னு மூஸா என்பவர், காலித் இப்னு மஃதானிடம் தாம் ஹதீஸ் கேட்டதாகச் சொன்னார். உஃபைர் இப்னு மஃதான் என்பவர், எந்த வருடம் சந்தித்தீர் என்று கேட்டார். “நூற்றெட்டாம் வருடம்” (ஹிஜ்ரிக் கணக்கு). எங்கே? “ஆர்மீனியப் போரில்.” உஃபைர் சொன்னார்: பெரியவரே, அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளும். காலித் நூற்றுநாலில் மவுத்தாகிவிட்டார். இறந்து நாலு வருடம் கழித்து அவரைச் சந்தித்தேன் என்கிறீர். இன்னொன்றும் சொல்கிறேன், அவர் ஆர்மீனியாவுக்குப் போருக்குப் போனதே இல்லை, ரோமர்களோடுதான் போரிட்டார்.

இதற்காகவே ஒவ்வொரு அறிவிப்பாளருக்கும் பிறந்த வருடம், இறந்த வருடம், வாழ்ந்த ஊர், போன பயணம், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று குறித்து வைத்தார்கள். புகாரி தொகுத்த ‘அத்தாரீக் அல்கபீர்’ பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்டது. சங்கிலியில் அடுத்தடுத்து வரும் இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்து, சந்திக்க வாய்ப்பும் இருந்தால் போதும் என்றார் முஸ்லிம். போதாது, ஒருமுறையாவது சந்தித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பது புகாரியின் பிடிவாதம். அவருடைய நூலுக்குத் தனி மரியாதை வந்ததற்கு இது ஒரு காரணம்.

உதிர்ந்துபோன ‘ஆம்’

சந்தித்தார் சரி, இந்தக் குறிப்பிட்ட ஹதீஸை நேரில் கேட்டாரா? இங்கேதான் நம் ‘ஆம்’ திரும்பி வருகிறது. சிலர் தம் ஆசிரியரிடம் நூறு ஹதீஸ் நேரில் கேட்டிருப்பார்கள். நூற்றோராவது ஹதீஸை அதே ஆசிரியரின் வேறொரு மாணவரிடம் கேட்டிருப்பார்கள். அதைச் சொல்லும்போது நடுவில் இருந்தவரை விழுங்கிவிட்டு, ‘ஆசிரியர் சொன்னார்’ என்பார்கள். பொய் என்று பிடிக்கவும் முடியாது, ஆசிரியர் சொன்னதுதானே. ‘எனக்குச் சொன்னார்’ என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்படி இடையாளை மறைப்பதற்கு ‘தத்லீஸ்’ என்று பெயர். பஸராவின் ஷுஃபா இதைப் பொய்யின் உடன்பிறப்பு என்றே சொன்னார்.

ஷுஃபாவின் ஆசிரியர் கத்தாதா பெரிய நினைவாற்றல்காரர், ஆனால் இந்தப் பழக்கம் அவரிடமும் உண்டு. பாடம் நடக்கும்போது கத்தாதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறார் ஷுஃபா. ‘எங்களுக்கு அறிவித்தார்’ என்று வாய் அசைந்தால் எழுதிக்கொள்வார். வெறும் ‘அறிவித்தார்’ என்றால் எழுதுகோல் நகராது. ஒற்றைச் சொல்லுக்காக ஆசிரியரின் உதட்டைக் காவல் காத்த மாணவர்! அதனால்தான் பிற்கால அறிஞர்கள், ஷுஃபா வழியாகக் கத்தாதாவின் ஹதீஸ் வந்தால் நிம்மதியாக ஏற்றுக்கொள்கிறார்கள். சல்லடை ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது.

எல்லாவற்றுக்கும் நடுவே: ஒப்பிட்டுப் பார்த்தல்

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். ஒருவர் துல்லியமானவர் என்று எப்படித் தெரியும்? அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தொழுகையைப் பற்றிச் சொல்வார்கள், நினைவாற்றலை யார் அளந்து சொல்வது? பலர் நினைப்பதுபோல இது நற்சான்றிதழ் வாங்கும் வேலையாக இருக்கவில்லை. முக்கியமான வேலை, வள்ளத்து வியாபாரி செய்தது: பலர் சொன்னதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

இதை மிக நன்றாகக் காட்டுவது யஹ்யா இப்னு மயீனைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி. 848இல் மதீனாவில் இறந்த இவர், இந்தக் கலையின் மிகக் கறாரான ஆட்களில் ஒருவர். ஹம்மாது இப்னு சலமாவின் நூலைக் கேட்டு எழுத, ஹம்மாதின் மாணவர் ஒருவரிடம் போனார். “இதை வேறு யாரிடமும் கேட்கவில்லையா?” என்றார் அந்த மாணவர். “பதினேழு பேரிடம் கேட்டுவிட்டேன், நீங்கள் பதினெட்டாவது.” ஒரே நூலைப் பதினெட்டுத் தடவையா! இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர் என்று அவர் திகைத்தார். இப்னு மயீனின் பதில் இதுதான்: ஹம்மாது தவறு செய்வார். எது அவருடைய தவறு, எது மாணவர்களின் தவறு என்று நான் பிரிக்க வேண்டும். எல்லா மாணவர்களும் ஒரே தவறைச் சொன்னால் அது ஹம்மாதின் தவறு. எல்லாரும் ஒன்று சொல்லி, ஒருவர் மட்டும் வேறு சொன்னால் அது அந்த ஒருவரின் தவறு.

இந்தப் பதிலை இரண்டு தடவை படித்துப் பாருங்கள். பழைய ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கிறவர்கள் செய்கிற வேலையும் இதுதான். ஐந்து ஏட்டில் ஒரு பாடம், ஆறாவதில் மட்டும் வேறு பாடம் என்றால் ஆறாவதை எழுதியவர் கை தவறியிருக்கிறது. இப்படி ஒருவரின் நூற்றுக்கணக்கான அறிவிப்புகளை மற்றவர்களுடையதோடு வைத்துப் பார்த்தால், அவர் எத்தனை தடவை தனியாக விலகுகிறார் என்பது தெரிந்துவிடும். எப்போதோ ஒருமுறை விலகினால் பரவாயில்லை, மனிதர்தானே. அடிக்கடி என்றால் பலவீனமானவர். நூற்றுக்கணக்கான மாணவர்கள் கொண்ட அஸ்ஸுஹ்ரீ போன்ற பெரிய ஆசிரியரிடமிருந்து, வேறு எந்த மாணவருக்கும் தெரியாத ஹதீஸ்களாகவே ஒருவர் கொண்டுவந்தால், அவர் சரக்கை எடுக்கக் கூடாது என்று முஸ்லிம் வெளிப்படையாகவே எழுதினார்.

நேரடிச் சோதனையும் உண்டு. இப்னு மயீனும் அஹ்மது இப்னு ஹம்பலும் ரமாதீ என்ற நண்பரும் கூஃபாவில் அபூ நுஅய்மிடம் போனார்கள். அபூ நுஅய்மின் முப்பது ஹதீஸை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பத்துக்கும் பின்னால் அவருடையது அல்லாத ஒன்றைச் செருகினார் இப்னு மயீன். வேண்டாம், அவர் உறுதியான ஆள் என்று அஹ்மது தடுத்தும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து படித்தார்கள். பதினொன்றாவது வந்ததும் “இது என்னுடையது இல்லை, அடித்துவிடு” என்றார் அபூ நுஅய்ம். அடுத்த பத்துக்குப் பிறகும் அதே. மூன்றாவது தடவை முகம் மாறியது. அஹ்மதைப் பார்த்து, இவர் இப்படிச் செய்ய மாட்டார், பேணுதலானவர் என்றார். ரமாதீயைப் பார்த்து, இவருக்கு இவ்வளவு துணிச்சல் கிடையாது என்றார். இது உன் வேலைதான் என்று காலைத் தூக்கி இப்னு மயீனுக்கு ஓர் உதை விட்டார், அவர் திண்ணையிலிருந்து கீழே விழுந்தார். நான்தான் சொன்னேனே என்றார் அஹ்மது. இந்தப் பயணம் முழுவதையும்விட அந்த உதை எனக்குப் பிரியமானது என்றாராம் இப்னு மயீன்.

சுருக்கமாக: துல்லியம் என்பது யாரோ கொடுக்கும் பட்டம் அல்ல, ஒப்பிட்டு ஒப்பிட்டு வந்துசேரும் கணக்கு.

எடை போடுகிறவரை எடை போடுவது

குறை சொல்வதற்கு ‘ஜர்ஹு’ என்று பெயர், நேர்ப்பொருள் காயம். நிறை சொல்வது ‘தஃதீல்’. ஒருவரைக் காயப்படுத்தும் உரிமை யாருக்கு, எவ்வளவு என்பதிலும் கட்டுப்பாடு வைத்தார்கள். காரணம் சொல்லாத குறையைச் சட்டென்று ஏற்க மாட்டார்கள். ஷுஃபாவே ஒருமுறை மாட்டிக்கொண்டார். மின்ஹால் இப்னு அம்ரின் வீட்டு வாசல்வரை போனவர், உள்ளே தம்பூரா ஒலி கேட்டுத் திரும்பிவிட்டார், அவரிடம் ஹதீஸே எடுக்கவில்லை. “அவரிடம் கேட்டிருக்கலாமே, அவருக்கே தெரியாமல் நடந்திருக்கலாம் அல்லவா?” என்று ஒருவர் கேட்டார். அறிஞர்கள் அந்தக் கேள்வியின் பக்கம்தான் நின்றார்கள். மின்ஹாலின் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

சமகாலத்துப் போட்டியாளர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதையும் தள்ளுபடி செய்தார்கள். நாயகத்தின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக், “மாலிக்கின் கல்வியைக் கொண்டு வாருங்கள், அதற்கு நான்தான் மாட்டு வைத்தியர்” என்று சொல்லிவைத்தார். மாலிக் பதிலுக்கு அவரை தஜ்ஜால் (பெரும் பொய்யர்) என்றார். இரண்டுமே பெரிய தலைகள். பின்னால் வந்தவர்கள் இந்தச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்புகளைத் தனியே பார்த்து, உண்மையாளர்தான், ஆனால் தத்லீஸ் செய்வார் என்று முடித்தார்கள்.

சொந்தம் என்றும் விடவில்லை. அலீ இப்னுல் மதீனீ என்ற ஹதீஸ் அறிஞரிடம் அவருடைய தகப்பனாரைப் பற்றிக் கேட்டார்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார். திரும்பவும் கேட்டார்கள். தலையைக் குனிந்திருந்துவிட்டு, “இது மார்க்கம். என் வாப்பா பலவீனமானவர்” என்றார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிற வாக்கியம் இது.

பெண்களைப் பற்றியும் ஒரு வரி. இந்தக் கலைக்கு ‘ரிஜால்’ என்று பெயர், ஆண்கள் என்று அர்த்தம். ஆனால் பலவீனமானவர்களைப் பட்டியலிட்டே பெரிய நூல் எழுதிய தஹபீ (இறப்பு 1348), பெண்களில் பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளானவரையோ கைவிடப்பட்டவரையோ தாம் அறியவில்லை என்கிறார். டீக்கடையில் இதைச் சொன்னால் யாரும் பேச மாட்டார்கள்.

அப்படியானால் ‘பலவீனம்’ என்றால் என்ன?

தீர்ப்புகள் ஒரு படிக்கட்டு மாதிரி. இப்னு ஹஜர் (இறப்பு 1449) எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு படிகளில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஓரிரு வரியில் முடிவு எழுதினார். மேலே ஸிகா. சற்றுக் கீழே உண்மையாளர், ஆனால் சிறு பிசகு உண்டு. அதற்கும் கீழே நினைவு மோசமானவர், யாரென்றே தெரியாதவர். எல்லாவற்றுக்கும் அடியில்தான் பொய்யர், இட்டுக்கட்டுகிறவர். ஹதீஸின் தரமும் இதையொட்டி வருகிறது. எல்லாக் கண்ணியும் உறுதியாக இருந்து, சங்கிலி அறுபடாமல், மற்ற வலுவான அறிவிப்போடு மோதாமல், மறைந்த குறையும் இல்லாமல் இருந்தால் ‘ஸஹீஹ்’. துல்லியம் கொஞ்சம் குறைந்தால் ‘ஹஸன்’. எங்காவது கண்ணி தளர்ந்தால் பலவீனம்.

யாரென்று தெரியாத ஒருவர் நடுவில் இருந்தால்கூட ஹதீஸ் பலவீனம்தான். அவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை, அவரைத் தெரியவில்லை, அவ்வளவுதான். பத்திரத்தில் வில்லங்கம் என்றால் நிலமே இல்லை என்று பொருளா? நம்பிப் பணம் போட முடியாது என்று பொருள். அதே செய்தி இன்னொரு தனி வழியில், அதுவும் மிகவும் மோசமில்லாத வழியில் வந்தால், ஒன்றையொன்று தாங்கி ஹஸன் வரை ஏறவும் கூடும். பொய்யர் வழியாக வந்ததற்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். கலீஃபா மஹ்தீக்குப் புறாப் பந்தயம் பிடிக்கும் என்று, போட்டிகள் பற்றிய ஹதீஸில் ‘அல்லது சிறகு’ என்று ஒரு சொல்லைச் செருகினார் கியாத் என்பவர். கலீஃபா பணம் கொடுத்து அனுப்பினார், கியாத் முதுகைத் திருப்பியதும் அது பொய்யனின் பிடரி என்றார், புறாக்களை அறுக்கச் சொல்லிவிட்டார். புறாக்கள்தான் பாவம்.

இவ்வளவு ஏற்பாடும் எந்த அளவுக்கு முழுமையானது, சனதுகள் எவ்வளவு பழையவை என்று இன்றைய வரலாற்று ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கத்தான் செய்கிறது. அதில் இறங்க வேண்டுமானாலும் முதலில் இந்த முறை தெரிந்திருக்க வேண்டும்.

சரி, சீனாவுக்கு வருவோம். அந்த வாசகத்தின் பெயர்பெற்ற சனதில் நாயகத்தின் தோழர் அனஸ் (ரலி) அவர்களுக்கு அடுத்து நிற்கிறவர் அபூ ஆதிக்கா. புகாரி அவரை ஏற்க முடியாதவற்றை அறிவிப்பவர் என்கிறார். இந்த ஹதீஸ் அடிப்படையற்றது என்று இப்னு ஹிப்பான் சொன்னார், இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்தார் இப்னுல் ஜவ்ஸீ. ஆக, இந்த ஒரு ஹதீஸைப் பொறுத்தவரை பையன் சொன்னதற்கு ஆதரவு இருக்கிறது. ஆனால் அதற்கு அவன் வைத்த ‘பலவீனம் என்றால் பொய்’ என்ற விதி தவறு. அதே அறிவிப்பின் பின்பாதியில் வரும் ‘கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை’ என்பதற்கு வேறு வழிகள் பல உண்டு. தனித்தனியாகப் பலவீனமான அந்த வழிகள் சேர்ந்து ஹஸன் நிலையை எட்டுகின்றன என்பது ஹதீஸ் அறிஞர் அல்மிஸ்ஸீயின் கருத்து.

மறுநாள் இதையெல்லாம் டீக்கடையில் சொன்னேன். பெரியவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பையன் பக்கம் திரும்பி, “அந்த அபூ ஆதிக்கா எந்த ஊர்க்காரர்னு போடு பார்ப்போம்” என்றார். பையன் செல்போனை எடுத்தான்.